யு8 லைன்ல ஒரு ஞாயித்துக்கிழமை

"ஞாயித்துக்கிழமைன்னா பெர்லின் செத்த ஊருக்கா."

இதை இனிமே யார் சொன்னாலும் சும்மா கேட்டுட்டு இருக்கப் போறதில்ல. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்துட்டேன்.

சொன்னது ஒரு தம்பி. ஒட்டன்சத்திரத்துப் பையன். மாஸ்டர்ஸ் படிக்க ஏப்ரல்ல வந்து இறங்கினவன். தங்கமான பிள்ளை. வாரம் பூரா கிளாஸ், பார்ட் டைம் வேலைன்னு ஓடுறான். கிடைக்கிற ஒத்த லீவுல ரூம்ல படுத்துக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டே கிடக்கான். ஏன்டா இப்படின்னு கேட்டா, "வெளிய போய் என்னக்கா பண்றது? கடை கிடையாது, மால் கிடையாது, எல்லாத்தையும் இழுத்து மூடிட்டானுங்க"ங்கறான்.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு.

அவன் மேல கோவம் இல்ல. இங்க புதுசா வர்ற நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் இதே பாட்டைத்தான் பாடறாங்க. ஆபீஸ் கேன்டீன்ல திங்கக்கிழமை காலைல போய் நின்னா, "நேத்து ஒரே போர்"னு யாராவது ஒருத்தர் சொல்லாம இருக்க மாட்டாங்க. கடை மூடியிருந்தா ஊரே மூடியிருக்குன்னு நாம எப்ப முடிவு பண்ணோம்? ஊருங்கறது கடைதானா? மதுரைல எங்க தாத்தா காலத்துல லீவு நாள்னா வைகை ஆத்துக்குள்ள போய் உக்காந்துட்டு வருவாங்களாம். அங்க என்ன பில் போட்டாங்க?

"வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு பாங்க்ஷ்ட்ராஸே ஸ்டேஷன்ல நில்லு. பர்ஸை ரூம்லயே வச்சிட்டு வா"ன்னு சொல்லிட்டேன்.

(டிக்கெட்டை மட்டும் மறந்துடாதேன்னும் சொன்னேன். பெர்லின்ல எந்த ஸ்டேஷன்லயும் தடுப்புக் கதவு கிடையாது. நேரா நடந்து போய் ரயில்ல ஏறிடலாம். ஆனா சாதாரண டிரஸ்ல செக்கிங் பண்றவங்க வருவாங்க. டிக்கெட் இல்லைன்னா 60 யூரோ எடுத்து வைக்கணும்.)

கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கடை விஷயத்தைச் சொல்லிடறேன். நிறைய பேருக்கு இது தெரியல, தெரிஞ்சா புலம்பல் கொஞ்சம் குறையும்.

ஜெர்மனில ஞாயித்துக்கிழமை கடை மூடறது வியாபாரிங்க சோம்பல்ல பண்றது இல்லைங்க. அரசியல் சட்டத்துலயே இருக்கு. 1919-ல வைமார் குடியரசுக்குன்னு எழுதின சட்டத்துல 139-வது பிரிவு. ஞாயித்துக்கிழமையும் அரசு விடுமுறையும் வேலைல இருந்து ஓய்வு எடுக்கறதுக்கும் மனசை உயர்த்திக்கறதுக்கும் உள்ள நாளு, அதைச் சட்டம் காப்பாத்தும்னு அதுக்கு அர்த்தம். அப்புறம் ஹிட்லர் வந்தான், போர் வந்துச்சு, ஊரே தரைமட்டம் ஆச்சு. 1949-ல மேற்கு ஜெர்மனிக்குப் புதுசா அரசியல் சட்டம் எழுத உக்காந்தவங்க, அந்தப் பழைய பிரிவை அப்படியே தூக்கி உள்ள வச்சுக்கிட்டாங்க. அத்தனை களேபரத்துலயும் ஒரு ஞாயித்துக்கிழமை உசுரோட கரை சேர்ந்திருக்கு.

பெர்லின் இதை அசைச்சுப் பாக்காமலும் இல்ல. 2006-ல மாநில அரசு ஒரு சட்டம் போட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தி வர்ற நாலு ஞாயித்துக்கிழமையும் கடை திறக்கலாம்னு விட்டுச்சு. சர்ச்சுங்க கோர்ட்டுக்குப் போச்சு. 2009 டிசம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றம், நாலு வாரத்தையும் வரிசையா திறந்து விடறது செல்லாதுன்னு சொல்லிருச்சு. விக்கறவங்களுக்கு லாபம், வாங்கறவங்களுக்கு ஆசை, இது ரெண்டு மட்டும் காரணமாகாதாம். படிச்சப்ப எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு. இப்ப பெர்லின்ல வருஷத்துக்கு எட்டு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் கடைங்களுக்கு அனுமதி.

அதுக்காக யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்ல. பேக்கரி சில மணி நேரம் திறந்திருக்கும். ஓட்டல், காபிக் கடை, சினிமா எல்லாம் உண்டு. பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்கற சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும் (அங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நிக்கற கூட்டத்தைப் பாத்தா தைப்பூசம் தோத்துடும்). தெருமுனைல ஷ்பேட்டி இருக்கு. கிழக்கு ஜெர்மனி காலத்துல ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி வர்ற தொழிலாளிங்களுக்காக ஆரம்பிச்ச கடைங்களோட வாரிசு அது. தண்ணி பாட்டில், சிப்ஸ், அவசரத்துக்குப் பால் அங்க வாங்கிக்கலாம்.

அதோட ஞாயித்துக்கிழமை டிரில் மெஷின் போட்டுச் சுவத்துல ஓட்டை போடக்கூடாது. கண்ணாடி பாட்டிலைக் கொண்டு போய் குப்பைத் தொட்டில போடக்கூடாது, சத்தம் வரும்னு. காலைல ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டுல காபிக் கப்பை ஸ்பூனால கலக்கற சத்தம் எனக்குக் கேக்குது. அந்தச் சத்தத்தை நான் வேற எந்த நாளும் கேட்டதில்ல.

சரி, பத்து மணி. பையன் வந்துட்டான். தலைல எண்ணெய் வச்சு வாரி, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி.

ஊர் சுத்தறதுல எனக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. வந்த புதுசுல லிஸ்ட் போட்டுப் பாத்தேன். பிராண்டன்பர்க் கேட், பார்லிமென்ட், டிவி டவர், மியூசியம்னு ஒரே நாள்ல. 100-ம் நம்பர் பஸ்ஸுல மாடில ஏறி உக்காந்தும் பாத்தேன் (அது அருமையான பஸ்ஸு, ஜூவுல இருந்து அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரைக்கும் பாதி ஊரையே காட்டிடும், ஊருக்கு வர்ற அம்மா அப்பாவுக்கு அதுதான் சரி). வட்டமா சுத்தற ரிங் ரயில்ல ஒரு மணி நேரம் முழுச் சுத்து சுத்தியும் பாத்தேன். 37 கிலோமீட்டர், 27 ஸ்டேஷன், ஏறின இடத்துலயே வந்து இறங்கலாம். மழை நாளுக்கு அது நல்லது. கடைசில எனக்குப் பிடிச்சுப் போனது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு லைன். அதுல ரெண்டு மூணு இடம். கடைசி இடத்துல பொழுது சாயற வரைக்கும் உக்காரணும்.

அன்னிக்கு எடுத்தது யு8 சுரங்க ரயில்.

பாங்க்ஷ்ட்ராஸேலயே கதை ஆரம்பிக்குது. 1977-ல திறந்த ஸ்டேஷன். பனிப்போர் காலத்துல கட்டினதால, அணுகுண்டு விழுந்தா 3,000 பேருக்கு மேல உள்ள போய்ப் பதுங்கற மாதிரி கட்டியிருக்காங்க. தம்பி தினம் ஏறி இறங்கற ஸ்டேஷன். "இதுலயாக்கா?"ன்னு கூரையை அண்ணாந்து பாத்தான். அப்பவே பாதி ஜெயிச்சுட்டேன்னு தோணுச்சு.

பக்கத்துத் துருக்கி பேக்கரில சூடா ரெண்டு சிமிட் வாங்கிக்கிட்டோம். எள்ளு ஒட்டின பெரிய வளையம். கையெல்லாம் எள்ளு. மூணாவது ஸ்டேஷன் பெர்னாவர் ஷ்ட்ராஸே. இறங்கினோம்.

இந்தத் தெருவைப் பத்திக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும்.

1961 ஆகஸ்ட் 13-ல ஊரைக் கிழக்கு, மேற்குன்னு பிரிச்ச பெர்லின் சுவர் எழும்ப ஆரம்பிச்சப்ப, இந்தத் தெருவுல எல்லைக்கோடு வீட்டு வாசப்படி மேலயே போச்சு. தெருவோட ஒரு பக்கத்து வீடுங்க கிழக்கு. வாசல் முன்னாடி இருக்கற நடைபாதை மேற்கு. உள்ள நின்னா ஒரு நாடு, படி இறங்கினா வேற நாடு. முதல்ல வாசக்கதவை அடைச்சாங்க. ஜனங்க ஜன்னல் வழியா குதிச்சாங்க. கீழ மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரங்க வலையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஈடா ஸீக்மன்னு ஒரு அம்மா, ஆகஸ்ட் 22-ஆம் தேதி, மெத்தை துணிமணியெல்லாம் முதல்ல கீழ போட்டுட்டு மாடி ஜன்னல்ல இருந்து குதிச்சாங்க. பிழைக்கல. மறுநாள் அவங்களுக்குப் பிறந்தநாள், 59 வயசு ஆகியிருக்கும். சுவத்தால செத்தவங்கன்னு எழுதி வச்சிருக்கற பட்டியல்ல முதல் பேரு அவங்களோடதுதான். அதுக்கப்புறம் ஜன்னலுக்கும் செங்கல் வச்சுப் பூசிட்டாங்க.

இன்னிக்கு அங்க என்ன இருக்கு தெரியுமா? பெரிய புல்வெளி. 1.4 கிலோமீட்டர் நீளத்துக்கு நினைவிடம். டிக்கெட் கிடையாது. சுவர் இருந்த கோட்டுல துருப்பிடிச்ச இரும்புக் கம்பிங்களை வரிசையா நட்டு வச்சிருக்காங்க, ஆள் உயரத்துக்கு மேல. பக்கவாட்டுல இருந்து பாத்தா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து சுவரா தெரியும். நேரா எதுக்க நின்னா நடுவுல இடைவெளி தெரியும், ஆள் நுழைஞ்சு போகலாம். சின்னப் பிள்ளைங்க உள்ளயும் வெளியயும் புகுந்து ஓடி விளையாடிக்கிட்டு இருந்துச்சுங்க. எந்தப் பெரியவங்களும் அதட்டல. அதுங்க ஓடறதைப் பாத்துட்டு தம்பி ரெண்டு தடவை தானும் நுழைஞ்சு போய் வந்தான்.

அந்த எல்லைக்குள்ள ஒரு சர்ச் மாட்டிக்கிச்சு. சமாதானச் சர்ச்சுன்னு பேரு, சுவத்துக்கு ரொம்ப முன்னாடியே வச்ச பேரு. ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல சர்ச், உள்ள போக யாருக்கும் வழியில்ல. அப்படியே கிடந்ததை 1985-ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. நாலே வருஷத்துல சுவரும் போயிருச்சு! இப்ப அதே இடத்துல ஒரு சின்ன மண் கோயில். 2000-ல கட்டினது. சிமென்ட் சுவர் கிடையாது, ஈர மண்ணை அடுக்கடுக்காப் போட்டு இடிச்சு இறுக்கின சுவர். அதுல இடிஞ்சு போன சர்ச்சோட உடைஞ்ச துண்டுங்களையும் கலந்திருக்காங்க. பக்கத்துல போய்ப் பாத்தா, மண்ணுக்குள்ள இருந்து செங்கல் சில்லு, ஓட்டுத் துண்டு எல்லாம் எட்டிப் பாக்குது. உள்ளங்கையை வச்சா வெளில அடிக்கற வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாம ஜில்லுன்னு இருக்கு. எங்க பாட்டி வீட்டு மண்சுவர் ஜில்லு.

அந்தக் கோயிலைச் சுத்தி வயலுங்க. நிஜமான வயல். ரைன்னு ஒரு தானியம், கோதுமைக்குப் பங்காளி. காவல்கோபுரமும் காவல் நாயும் இருந்த மண்ணுல விதைச்சிருக்காங்க. ஜூலை மாசம், கதிர் முத்தி இடுப்புக்கு மேல நின்னுச்சு. அறுத்து அந்த மாவுல சர்ச்சுக்கு ரொட்டி சுடறாங்க.

தம்பி விவசாயக் குடும்பம். அப்பா முருங்கை போட்டிருக்கார். வயலைப் பாத்ததும் ஆளே மாறிட்டான். குனிஞ்சு மண்ணைக் கிள்ளிப் பாத்தான். "மணல் மண்ணுக்கா. தண்ணி நிக்காது. இதுல இவ்வளவு வந்திருக்குன்னா நல்லாத்தான் பாத்துக்கறாங்க"ன்னான். ஒரு கதிரைப் பறிக்காம விரலால நீவி எத்தனை மணி இருக்குன்னு எண்ணினான். அப்புறம் அவங்க அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். நடு பெர்லின்ல, சுவர் இருந்த இடத்துல நின்னுக்கிட்டு ஒட்டன்சத்திரத்துக்கு வயலைக் காட்டறான். "ஊருக்கு நடுவுல யாரு நிலம்டா அது?"ன்னு அப்பா கேக்கறார். இவன் சுவர்க் கதையை முதல்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சுட்டான். நான் ஒரு பெஞ்சைப் பாத்து உக்காந்துட்டேன். அரை மணி நேரத்துக்கு முன்னாடி நான் சொன்னதை அவன் என்னை விட நல்லாச் சொல்லிக்கிட்டு இருந்தான்.

அங்கிருந்து மவுர்பார்க்குக்கு நடை தூரம். ஞாயித்துக்கிழமை சந்தை. பழைய கேமரா, பாட்டு ரெகார்டு, கிழக்கு ஜெர்மனி தட்டு முட்டுச் சாமான். கூட்டம்னா கூட்டம். 2009-ல ஒரு ஐரிஷ்காரர் சைக்கிள்ல ஸ்பீக்கரைக் கட்டி எடுத்துட்டு வந்து ஆரம்பிச்ச கரோக்கி இங்க ரொம்பப் பிரபலம். கல்லுப் படிக்கட்டு நிறைய ஜனம் உக்காந்து, யாருன்னே தெரியாதவங்க பாடறதுக்கு உசுரைக் கொடுத்துக் கைதட்டும். எல்லா ஞாயித்துக்கிழமையும் இருக்காது. அன்னிக்கு இல்ல. சந்தையை ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டோம், எனக்கு அங்க ரொம்ப நேரம் ஓடாது.

மறுபடி யு8. இந்தத் தடவை தெற்கு நோக்கி. ஏறினதும் தம்பிகிட்ட, "இப்ப வர்ற ஸ்டேஷனை எல்லாம் கவனிச்சுக்கிட்டே வா"ன்னேன்.

ஏன்னா இந்த லைனோட ரெண்டு முனையும் மேற்கு பெர்லின், நடுப்பகுதி மட்டும் கிழக்கு. ஊரைப் பிரிச்சதும் கிழக்குல இருந்த ஆறு ஸ்டேஷனையும் அடைச்சுட்டாங்க. நாங்க ஏறின பெர்னாவர் ஷ்ட்ராஸேவும் அதுல ஒண்ணு. ஆனா ரயிலை நிறுத்தல! மேற்கு பெர்லின் ரயில் வரும், வேகத்தைக் குறைக்கும், நிக்காம ஊர்ந்து போகும். மங்கலா ஒரு விளக்கு, பிளாட்ஃபாரத்துல ஆளில்ல, துப்பாக்கியோட காவல்காரன் மட்டும். இந்த வழில ஓட்டறதுக்கு மேற்கு பெர்லின் கிழக்குக்குக் காசும் கட்டுச்சு. 28 வருஷம் இப்படியே ஓடியிருக்கு. சுவர் திறந்த ரெண்டாவது நாளே, 1989 நவம்பர் 11-ல, யானோவிட்ஸ்ப்ரூக்கே ஸ்டேஷனைத் திறந்தாங்க.

இப்ப அந்த ஸ்டேஷன் ஒவ்வொண்ணுலயும் குழந்தை வண்டியோட ஏறறாங்க, சைக்கிளோட ஏறறாங்க, ஐஸ்கிரீம் ஒழுக ஒழுக ஏறறாங்க. தம்பி ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்ல. சுரங்கத்துக்குள்ள வெளிய என்ன தெரியும்? இருட்டுதான். இருந்தாலும் பாத்துக்கிட்டே வந்தான்.

பொடின்ஷ்ட்ராஸேல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா டெம்பல்ஹோஃப்.

இதை எப்படிச் சொல்றது! ஊருக்கு நடுவுல ஒரு விமான நிலையம். 2008 அக்டோபர்ல மூடிட்டாங்க. 2010 மே மாசம் வேலியைத் திறந்து, ஜனங்களே வாங்கன்னு விட்டுட்டாங்க. 300 ஹெக்டேருக்கு மேல. ரன்வே ரெண்டும் அப்படியே இருக்கு, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர். வெள்ளைக் கோடு, நம்பர் எல்லாம் அழியாம இருக்கு. அந்தத் தார் ரோட்டு மேல சைக்கிள் ஓட்டறாங்க, ஸ்கேட் பண்றாங்க, பலகைல பாய் மரத்தைக் கட்டிக்கிட்டுக் காத்துல பறக்கறாங்க. பெர்லின்ல எங்க நின்னாலும் கண்ணுக்கு எதிர்ல ஒரு கட்டடம் இருக்கும். இங்க வானம் மட்டும்தான். பையன் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் அப்படியே நின்னுட்டான். "இவ்வளவு பெரிய இடம் எனக்கு மூணு மாசமா தெரியாதேக்கா."

புல்லுல விரிப்பைப் போட்டோம். கட்டுச்சோறு நான் கொண்டு வந்திருந்தேன். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், வடகம். (நல்லெண்ணெய் இலங்கைத் தமிழர் கடைல வாங்கினது. நல்லெண்ணெய் இல்லாத புளியோதரையை நான் ஒத்துக்கவே மாட்டேன்.) காத்துல வடகம் பறக்காம மூடியைப் போட்டு அமுக்கிக்கிட்டே சாப்பிட்டோம். பக்கத்துல ஒரு துருக்கிக் குடும்பம் மூணு தலைமுறையா வந்து உக்காந்திருந்தாங்க. அந்தப் பாட்டி எங்க டப்பாவை எட்டிப் பாத்துட்டு ஒரு தட்டுல தர்பூசணியும் வெள்ளைச் சீஸும் கொடுத்து விட்டாங்க. தட்டைச் சும்மா திருப்பிக் கொடுக்க முடியுமா? வடகம் போய்ச் சேர்ந்துச்சு. மறுபடி தட்டு வந்துச்சு. இப்படியே கொஞ்ச நேரம் போச்சு.

சாப்பிட்டு முடிச்சதும், தூரத்துல வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கற பழைய டெர்மினலைக் காட்டி விமானப் பாலத்தைப் பத்திச் சொன்னேன். 1948 ஜூன்ல சோவியத் ராணுவம் மேற்கு பெர்லினுக்கு வர்ற ரோடு, ரயில், வாய்க்கால் எல்லாத்தையும் அடைச்சுருச்சு. இருபது லட்சம் பேருக்கு மேல உள்ள. சோறு, மாவு, பால் பவுடர், நிலக்கரி எல்லாத்தையும் அமெரிக்காவும் பிரிட்டனும் ஆகாயத்துலயே கொண்டு வந்து இறக்கினாங்க. வந்த எடைல பெரும்பகுதி நிலக்கரிதான், குளிர்காலமாச்சே. 1949 செப்டம்பர் வரைக்கும் நடந்துச்சு, 2,70,000-க்கும் மேல விமானப் பயணம். அதுல ஒரு பைலட் கேல் ஹால்வர்சன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன பிள்ளைங்களுக்கு, தன்கிட்ட இருந்த ரெண்டு சூயிங்கத்தைக் கொடுத்தார். அதுங்க அடிச்சுக்காம துண்டு போட்டுக்கிச்சுங்க. கிடைக்காத பிள்ளைங்க சுத்தியிருந்த காகிதத்தை மோந்து பாத்துச்சுங்க. அதைப் பாத்து மனசு கேக்காம, கைக்குட்டைல குட்டிப் பாராசூட் கட்டி, சாக்லேட்டை மேல இருந்து போட ஆரம்பிச்சார். தன் விமானம்னு தெரியறதுக்கு இறக்கையை ஆட்டிக் காட்டுவாராம். அவர் 2022-ல தான் காலமானார்.

அந்த ஆகாயத்துல இப்ப பட்டம் பறக்குது.

பட்டம் விட்டுக்கிட்டு இருந்த ஒரு அம்மாவைப் பாத்ததும், எங்கயோ பாத்த முகமா இருக்கேன்னு யோசிச்சேன். அவங்களும் என்னைப் பாத்தாங்க. எங்க தெரு சூப்பர் மார்க்கெட்ல பில் போடறவங்க! வார நாள்ல மின்னல் வேகத்துல சாமானைத் தள்ளி விடுவாங்க, தலை நிமிர நேரம் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் கேக்கவே வேண்டாம், நாளைக்குக் கடை இல்லைன்னு ஊரே வந்து வரிசைல நிக்கும். அன்னிக்குச் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, ஏழெட்டு வயசுப் பொண்ணோட நூலைப் பிடிச்சுக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தாங்க. வணக்கம் சொல்லிக்கிட்டோம். வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவர், அவருக்கு அன்னிக்கு டியூட்டியாம். "எனக்கும் இவளுக்கும் ஒண்ணா லீவு கிடைக்கறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான்"னாங்க. பொண்ணு அதுக்குள்ள, "அம்மா, நூலு!"ன்னு கத்த, ஓடிட்டாங்க.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்க அத்தை பொண்ணு தி.நகர்ல ஒரு ஜவுளிக் கடைல இருக்குக்கா. தீபாவளி வந்தா ரெண்டு மாசம் லீவே கிடையாது"ன்னான்.

அதான் விஷயம். தமிழ்நாட்டுல 2019-ல அரசாணை போட்டு, பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற கடையை வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம்னு சொன்னாங்க. வேலை பாக்கறவங்களுக்குச் சுழற்சில வார விடுமுறை கொடுக்கணும்னு விதி இருக்கு. ஆனா அம்மாவுக்குச் செவ்வாய், அப்பாவுக்கு வியாழன், பிள்ளைக்கு ஞாயிறுன்னா பட்டத்தை யாரு பிடிக்கறது, நூலை யாரு விடறது? கடைல நிக்கற பொண்ணுங்க உக்கார நாற்காலி கொடுக்கணும்னு சட்டம் வர்றதுக்கே 2021 ஆச்சு நமக்கு. ஜவுளிக் கடைல வேலை பாக்கறவங்க பாட்டைக் காட்டின அங்காடித் தெரு படம் வந்து பதினோரு வருஷம் கழிச்சு. ஞாயித்துக்கிழமை கடை இல்லைன்னு இங்க யாராவது முகம் சுளிக்கும்போது, கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கும் இது ஞாயித்துக்கிழமைதான்னு எனக்குக் கத்தணும் போல இருக்கும். நமக்கு ஒரு பாக்கெட் பால் சௌகரியம். அவங்களுக்கு அது பிள்ளையோட இருக்கற ஒரு நாள்.

காசில்லாத நாளுக்கு ஊர் என்ன வச்சிருக்குங்கறதும் முக்கியம்னு நினைக்கறேன். இந்த மைதானத்தோட ஓரத்துல வீடு கட்டணும்னு பெர்லின் அரசு திட்டம் போட்டப்ப, 2014 மே மாசம் ஜனங்க வாக்கெடுப்பு நடத்தி, ஒரு செங்கல் வைக்கக் கூடாதுன்னு ஜெயிச்சாங்க. 64 சதவீதம் பேர். வீடு கிடைக்காம அல்லாடற ஊருதான், வாடகை எகிறிக் கிடக்கு, அதனால இந்தப் பேச்சு இன்னும் ஓயல. எனக்கு இங்க ஓட்டு இல்ல. இருந்தா நானும் மைதானத்துக்குத்தான் போட்டிருப்பேன். வீடு வேற இடத்துல கட்டலாம். இப்படி ஒரு வானத்தை வேற எங்க போய்க் கட்டறது?

எல்லாமே நல்லா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். 2021 ஜூலைல இருந்து மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை நிறைய மியூசியத்துக்கு இலவசமா போகலாம்னு வச்சிருந்தாங்க. பட்ஜெட்ல பணம் இல்லைன்னு 2024 டிசம்பரோட நிறுத்திட்டாங்க. தம்பி மாதிரி எண்ணிச் செலவு பண்ற பிள்ளைங்களுக்கு அது எவ்வளவு பெரிய கதவு! அதை மூடினதுல எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல.

சாயங்காலம் ஆச்சு. ஜூலைல ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். புல்வெளில ஒரு பெரிய பகுதியைக் கயிறு கட்டி ஒதுக்கியிருக்காங்க, வானம்பாடிங்க தரைல முட்டை வைக்கற பருவம். அந்தப் பக்கம் போய் நின்னா, குருவி எங்க இருக்குன்னு தெரியாது, தலைக்கு மேல எங்கயோ பாட்டு மட்டும் நிக்காம கொட்டும். தம்பி கண்ணைச் சுருக்கித் தேடித் தேடி, கடைசில ஒரு புள்ளியைக் கண்டுபிடிச்சான்.

கிளம்பும்போது, காலி பாட்டில் ரெண்டைக் குப்பைத் தொட்டிக்குள்ள போடப் போனான். தடுத்தேன். உள்ள போடாம தொட்டிக்குப் பக்கத்துல நிறுத்தி வைக்கணும். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். அதைப் பொறுக்கி விக்கறவங்க இருக்காங்க, வயசானவங்களும் உண்டு. அவங்க கையைக் குப்பைக்குள்ள விட வேண்டாம்னு ஜனங்க வெளியவே வச்சிட்டுப் போவாங்க. நாங்க கேட்டைத் தாண்டறதுக்குள்ள ஒரு பெரியவர் சைக்கிள்ல வந்து எடுத்துக்கிட்டார்.

ரயில்ல திரும்பி வரும்போது தம்பியே மேப்பை எடுத்து வச்சுக்கிட்டு, "அடுத்த வாரம் எந்த லைனுக்கா?"ன்னான்.

யு7-னு முடிவாச்சு. ஸ்பாண்டாவ்ல இருந்து ரூடோவ் வரைக்கும் 40 ஸ்டேஷன், முழுக்க பூமிக்கடில. ப்ளாஷ்கோ ஆலேல இறங்கினா இலங்கைத் தமிழருங்க 2013-ல கட்டி முடிச்ச மயூரபதி முருகன் கோயில். கும்பிட்டுட்டு அப்படியே நடந்தா, புருனோ டவுட் 1920-கள்ல குதிரை லாடம் மாதிரி வளைச்சுக் கட்டின தொழிலாளர் குடியிருப்பு, யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. அந்த லாடத்துக்கு நடுவுல குளம், சுத்திப் புல்லு. உக்கார நிறைய இடம்.

"சாப்பாடு?"

"தயிர்சாதம் நான். தொட்டுக்க நீ பண்ணு."

"எனக்கு முட்டை மட்டும்தான்க்கா வரும்."

"கோயிலுக்குப் போறோம்டா."

ரெண்டு ஸ்டேஷன் தாண்டற வரைக்கும் யோசிச்சான். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, பீர்க்கங்காய்த் துவையல் எப்படி அரைக்கறதுன்னு கேக்க ஆரம்பிச்சான். பீர்க்கங்காய்க்கு சனிக்கிழமையே போகணும்னு நான் கையால சைகை காட்டினேன்.